லிங்க்ட்இன்னில் ப்ரொஃபைல் போட்டு எட்டு மாதம் ஆகிறது, ஒருவரும் கூப்பிடவில்லை. என்ன செய்வது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு பாலக்காட்டு எல்லையோரத்தில் ஒழலப்பதி பக்கம், வயது 27, மெக்கானிக்கல் டிப்ளமோ. வேலந்தாவளத்துக்கு அருகே ஒரு காஸ்டிங், மெஷினிங் (உலோக வார்ப்பு, கடைசல்) யூனிட்டில் ஆறு வருடமாகக் குவாலிட்டியில் வேலை. லிங்க்ட்இன்னில் ப்ரொஃபைல் போட்டு எட்டு மாதம் ஆகியும் ஒரு அழைப்புகூட வரவில்லை. கோட் போட்ட ஃபோட்டோ வைக்க வேண்டுமா, பிரீமியம் கட்ட வேண்டுமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: பத்தாவது வரை தமிழ் மீடியம், இங்கிலீஷ் அவ்வளவாக வராது. எனக்கு அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. எல்லையோரத்துச் சின்ன யூனிட்டில் வேலை செய்கிற, இங்கிலீஷில் தடுமாறுகிற ஒரு ஆளை அந்தத் தளத்தில் யாராவது தேடுவார்களா என்று கேட்கிறீர்கள். தேடுகிறார்கள். அப்படித் தேடுகிறவர்களில் நானும் ஒருவன்.

பதினான்கு வருடமாகப் பாலக்காட்டின் தொழிற்பகுதியான கஞ்சிக்கோட்டில் இருந்துகொண்டு இங்குள்ள ஃபேக்டரிகளுக்கும் கோயம்புத்தூர் ஃபேக்டரிகளுக்கும் ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். என் அனுபவம் குவாலிட்டி, புரொடக்ஷன், மெயின்டனன்ஸ் மூன்றோடு நின்றுவிடுகிறது. ஐடி கம்பெனிக்கோ வங்கிக்கோ நான் ஆள் எடுத்ததில்லை, அங்கே என் பேச்சு செல்லாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நம் பக்கத்தில் ஃபேக்டரி வேலை பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான் நடக்கிறது, அதற்கு அடுத்தது நௌக்ரி என்ற வேலைத் தளம், அப்புறம் நேரில் போகும் வாக்-இன். ஐந்தாறு வருட அனுபவமும் குறிப்பிட்ட ஒரு திறமையும் வேண்டும், தெரிந்த வட்டத்தில் அப்படி ஆள் இல்லை என்ற நிலை வந்தால்தான் நான் லிங்க்ட்இன்னுக்குப் போகிறேன். உங்களுக்கு ஆறு வருடம் ஆகிவிட்டது, அதனால் உங்களுக்கு அது பொருந்தும். நேற்று படிப்பு முடித்தவருக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன்.

நான் தேடுவது எப்படி என்று சொன்னால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். காலையில் ஒரு பிளான்ட் ஹெட் ஃபோன் செய்வார். "குவாலிட்டிக்கு ஒரு ஆள் வேணும், சிஎம்எம் ஓட்டத் தெரியணும், பிபிஏபி ஃபைல் போட்டிருக்கணும், தமிழும் மலையாளமும் பேசணும்" என்பார். (தெரியாதவர்களுக்காக: சிஎம்எம் என்பது பொருளின் அளவுகளைத் துல்லியமாக எடுக்கும் இயந்திரம், பிபிஏபி என்பது புதுப் பொருளுக்குக் கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்கும் ஆவணத் தொகுப்பு.) ஆள் எடுப்பவர்களுக்கென்று அந்தத் தளம் விற்கிற தனித் தேடல் பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் பதவிப் பெயர், ஊர், திறமை, எத்தனை வருடம் என்று கட்டம் கட்டமாக நிரப்புவேன். வரிசையாகப் பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயரோடும் ஒரு சின்ன ஃபோட்டோ, தலைப்பு வரி, ஊர், இப்போதைய வேலை, முந்தைய வேலை, படிப்பு. அவ்வளவுதான். நீங்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதிய 'அபவுட்' பத்தி அந்த வரிசையில் தெரியாது, பெயரை அழுத்தி உள்ளே போனால்தான் தெரியும். ஒரு பெயருக்கு நான் செலவழிப்பது சில நொடி. ஆகவே தலைப்பு வரி, ஊர், பதவிப் பெயர் இந்த மூன்றும் சரியாக இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை நான் பார்க்கப் போவதில்லை.

உங்கள் தலைப்பு வரி, "கடின உழைப்பாளி, நல்ல வாய்ப்பைத் தேடுகிறேன்" என்ற பொருளில் இங்கிலீஷில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கடின உழைப்பாளி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தேடல் கட்டத்தில் நான் ஒரு நாளும் அந்தச் சொல்லை அடித்ததில்லை. நான் அடிப்பது குவாலிட்டி இன்ஸ்பெக்டர், காஸ்டிங், சிஎம்எம், பிபிஏபி, எம்எஸ்ஏ (அளவெடுக்கும் முறையை நம்பலாமா என்று பார்க்கும் ஆய்வு). தலைப்புக்கு 220 எழுத்து வரை இடம் உண்டு. "குவாலிட்டி இன்ஸ்பெக்டர், ஆறு வருடம், காஸ்டிங் மற்றும் மெஷினிங், சிஎம்எம், லேஅவுட் இன்ஸ்பெக்ஷன், பிபிஏபி" என்று உங்கள் தொழிலின் பெயர்களையே இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக வையுங்கள். இலக்கணம் பற்றிய பயம் இங்கே வேண்டாம், இதில் வினைச்சொல்லே கிடையாது. கம்பெனி உங்களுக்குக் கொடுத்திருக்கிற பதவிப் பெயர் 'அசோசியேட், கிரேடு 2' மாதிரி ஏதாவது என்றால், வேலைப் பகுதியில் அதை எழுதி அதோடு குவாலிட்டி இன்ஸ்பெக்டர் என்பதையும் சேர்த்துவிடுங்கள். கிரேடு 2 என்று வெளியில் யாரும் தேட மாட்டார்கள். அதற்காக இன்ஜினியர், மேனேஜர் என்று பதவியை உயர்த்திப் போட வேண்டாம், அது முதல் ஃபோன் காலிலேயே தெரிந்துவிடும்.

ஊர் விஷயத்தில் நம் எல்லைக்காரர்களுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. போன மழைக்காலத்தில் எருத்தேம்பதிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். நல்ல வேலைக்காரன். ஆனால் அவன் ப்ரொஃபைல் என் தேடலில் ஒரு முறைகூட வந்ததில்லை. ஃபோனை வாங்கிப் பார்த்தேன். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் சித்தூர், ஆந்திரப் பிரதேசம் என்று இருந்தது. பாலக்காட்டிலும் ஒரு சித்தூர் தாலுகா உண்டு, அவன் ஊர் அதில்தான், அதை அடித்திருக்கிறான். பட்டியலில் முதலில் வந்ததைத் தொட்டிருக்கிறான், அது ஆந்திராவின் சித்தூர். பாலக்காடு என்று தேடினாலும் வரமாட்டான், கோயம்புத்தூர் என்று தேடினாலும் வரமாட்டான். ஒன்றரை வருடம் அப்படியே கிடந்திருக்கிறது. நீங்களும் முதல் வேலையாக அதைப் பாருங்கள். பால்காட் என்று பழைய பெயரை அடிக்கப் போய் மகாராஷ்டிராவின் பால்கரைத் தொட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பாலக்காடு, கேரளம் என்று மாநிலத்தோடு சேர்த்துச் சரிபாருங்கள்.

கோயம்புத்தூரில் வேலை வேண்டும் என்பதற்காகக் கோயம்புத்தூரில் குடியிருப்பதாகப் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பலர் போடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, தேவையும் இல்லை. வேலை தேடுகிறேன் என்று தெரிவிக்கும் பகுதியில் எந்தெந்த ஊருக்குப் போகத் தயார் என்று பல ஊர்களைக் குறிக்கலாம். எங்கள் தேடல் பக்கத்தில் இங்கே இருப்பவர்கள், இங்கே வரத் தயாராக இருப்பவர்கள் என்று இரண்டையும் சேர்த்துத் தேட வழி இருக்கிறது. பாலக்காட்டில் இருக்கிறீர்கள் என்ற உண்மையை வைத்துக்கொண்டே கோயம்புத்தூர், பொள்ளாச்சி, ஓசூர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். போக முடியாத ஊரைச் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்துவிட்டுக் கூப்பிட்டதும் வீட்டில் விடமாட்டார்கள் என்று சொன்னால், அடுத்த முறை அந்தப் பெயரைக் கூப்பிடக் கை வராது.

இனி உள்ளே இருப்பது. வேலைப் பகுதியில் பெரும்பாலானவர்கள் எழுதுவது "இன்கமிங், இன்-புராசஸ், ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்குப் பொறுப்பு" என்ற ஒரே வரிதான். நூறு பேர் எழுதிய வரி அது. அந்தப் பையனும் அதைத்தான் எழுதியிருந்தான். அவனிடம், நேற்று ஷிஃப்டில் என்ன செய்தாய், தமிழிலேயே சொல் என்றேன். முதலில் கூச்சப்பட்டான். அப்புறம் சொன்னான்: "பம்ப் ஹவுசிங் சார். ஐம்பது எம்எம் போர், எச்7. போர் கேஜ்ல பார்ப்போம். நேத்து மத்தியானம் நாலு பீஸ் தொடர்ந்து மேல் லிமிட்டை ஒட்டியே வந்துச்சு. ரிஜெக்ட் ஆகலை, ஆனா போக்கு சரியில்லைன்னு ஆபரேட்டர்கிட்ட சொல்லி இன்சர்ட் மாத்தச் சொன்னேன்." எச்7 என்றால் அந்த அளவுத் துளைக்கு (போர்) 25 மைக்ரான் இடைவெளிதான், தலைமுடியின் பருமனில் பாதிகூட இருக்காது. அந்த இடைவெளிக்குள் இருக்கும்போதே போக்கைப் பார்த்து வெட்டும் முனையை (இன்சர்ட்) மாற்றச் சொல்கிற ஆள்தான் எனக்கு வேண்டும். இதில் ஒரு சொல்கூட அவன் ப்ரொஃபைலில் இல்லை!

அன்று நாங்கள் எழுதியது மூன்றே வரி. என்ன பொருள், எந்தக் கருவி, எவ்வளவு டாலரன்ஸ் (அனுமதித்த அளவு வித்தியாசம்) என்பது முதல் வரி. அளவு விலகிப் போவதைக் கண்டுபிடித்து ரிஜெக்ஷனுக்கு முன்பே சரிசெய்வது இரண்டாவது. கஸ்டமர் கம்ப்ளைன்ட் வந்தால் 8டி ரிப்போர்ட்டில் (பிழையின் காரணத்தைக் கண்டு திருத்தும் அறிக்கை) அவன் செய்யும் பங்கு மூன்றாவது. சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியம், ஒவ்வொன்றும் எட்டுப் பத்துச் சொல். நீங்களும் இப்படியே செய்யுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அன்று செய்ததை ஃபோனில் தமிழில் பேசிப் பதிவு செய்யுங்கள். மூன்று நாள் போதும். பிறகு அதைக் கேட்டு எளிய இங்கிலீஷில் எழுதுங்கள், எழுத்துப் பிழையை மட்டும் யாரிடமாவது காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஏஐயிடம் கொடுத்துத் திருத்துவதிலும் தப்பில்லை. ஆனால் அதையே எழுதித் தரச் சொல்லாதீர்கள். கனமான இங்கிலீஷில் ஒரு பக்கம் வரும், நான் ஃபோன் செய்யும்போது அந்தக் குரலும் உங்கள் குரலும் ஒட்டாது. பத்து நிமிடம் உங்களால் பேச முடிகிற விஷயம் மட்டும் ப்ரொஃபைலில் இருக்கட்டும்.

திறமைப் பட்டியலுக்கும் இதே அளவுகோல்தான். எம்எஸ்ஏ என்று போட்டால், ஆர் அண்ட் ஆர் (அளவெடுப்பதிலேயே வரும் வேறுபாடு) எத்தனை சதவீதம் வந்தால் ஏற்பீர்கள் என்று கேட்பார்கள். பத்துக்குக் கீழே சரி, பத்திலிருந்து முப்பது வரை நிலைமையைப் பொறுத்து ஏற்கலாம், முப்பதுக்கு மேல் கூடாது என்பதாவது வாயில் வர வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிப்பது) லெவல் 2 இருந்தால் எந்த முறை, எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் சான்றிதழ் பகுதியில் போடுங்கள். முறையைச் சொல்லாமல் வெறும் லெவல் 2 என்று போட்டால், பெனட்ரன்ட்டா அல்ட்ராசோனிக்கா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

உங்கள் ப்ரொஃபைலில் மொழிகள் பகுதி காலியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதிப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் பஞ்சாயத்து ஆபீசிலும் மலையாளம் என்று வளர்கிறார்கள். ஆறு வருடம் ஷாப் ஃப்ளோரில் இருந்தால் ஒடிசா, பீகார் தொழிலாளர்களோடு பழகி ஹிந்தியும் ஓரளவு வந்துவிடும். இதெல்லாம் ஒரு தகுதி என்றே நமக்குத் தோன்றுவதில்லை, மூச்சு விடுவது மாதிரி இருக்கிறது. கஞ்சிக்கோட்டில் ஒரு ஷிஃப்டை எடுத்துக்கொண்டால் ஆபரேட்டர் மலையாளி, செட்டர் தமிழர், ஃபெட்லிங்கில் (வார்ப்பின் பிசிறு நீக்கும் இடம்) இருப்பவர்கள் வடக்கே இருந்து வந்தவர்கள். மூன்று பேருக்கும் ஒரு பிழையை அவரவர் மொழியில் விளக்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் எந்த மேனேஜரும் விடமாட்டார். தமிழ், மலையாளம், ஹிந்தி, இங்கிலீஷ் நான்கையும் போடுங்கள். பேச மட்டும் தெரியுமா, எழுதவும் தெரியுமா என்று நிலையையும் உள்ளபடி குறியுங்கள். தமிழ் மீடியத்தில் படித்தேன் என்று தயங்குகிறீர்களே, அந்தப் படிப்பும் நீங்கள் வளர்ந்த மண்ணும் சேர்ந்து கொடுத்தது இது.

பெயரும் தேதியும் சாதாரண விஷயம் போலத் தெரியும், ஆனால் கடைசி நேரத்தில் ஆளைக் கவிழ்ப்பது அவைதான். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலையோ வெறும் புள்ளியையோ போட்டிருந்தால், எஸ்எஸ்எல்சி புக்கிலும் ஆதாரிலும் இருப்பது மாதிரி ஒரே எழுத்துக்கூட்டலில் மாற்றுங்கள். ஆதார் கொண்டு டிஜிலாக்கர் வழியாக அடையாளத்தை உறுதிசெய்யும் வசதி அந்தத் தளத்தில் உண்டு, அதற்கும் பெயர் ஒத்துப்போக வேண்டும். வேலையில் சேர்ந்த மாதம், விட்ட மாதம் இரண்டையும் உங்கள் பி.எஃப். கணக்கில், யு.ஏ.என். எண்ணுக்கு எதிரே இருக்கும் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஃபர் கொடுப்பதற்கு முன் பல கம்பெனிகள் அதைச் சரிபார்க்கின்றன. இரண்டு மாதம் சும்மா இருந்ததை மறைக்கப் போய் ஆஃபரை இழந்தவர்கள் உண்டு, சும்மா இருந்ததற்காக இழந்தவரை நான் பார்த்ததில்லை. இருபது பேருக்குக் குறைவான யூனிட்டுகளுக்குப் பி.எஃப். கட்டாயமில்லை. உங்கள் முதல் வேலை அப்படிப்பட்ட இடம் என்றால் அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும், சம்பளம் வந்த பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட ஃபோட்டோ. கோட் வேண்டாம். காலை வெளிச்சத்தில் வெறும் சுவருக்கு முன்னால், துவைத்த சட்டையில், முகம் தெளிவாகத் தெரிந்தால் போதும். கம்பெனி ஐடி கார்டு கழுத்தில் தெரிய வேண்டாம். அதைவிட முக்கியம், பெருமையாக இருக்கிறதே என்று இன்ஸ்பெக்ஷன் டேபிளில் எடுத்த படத்தைப் போடாதீர்கள். பின்னால் கஸ்டமர் ட்ராயிங் விரிந்து கிடக்கும், பார்ட் நம்பர் தெரியும். அதற்காக வேலை போனவரை எனக்குத் தெரியும்.

பிரீமியம் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. யார் உங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற விவரமும், அறிமுகமில்லாதவர்களுக்கு மாதம் சில செய்தி அனுப்பும் வசதியும் அதில் கிடைக்கும். பணம் கட்டியிருக்கிறார் என்பதற்காக நான் எந்தப் பெயரையும் திறந்ததில்லை. ஊர் தப்பாக இருக்கிற ப்ரொஃபைலுக்குப் பணம் கட்டினாலும் ஊர் தப்பாகத்தான் இருக்கும்.

வேலை தேடுகிறேன் என்று காட்டும் வசதியில் இரண்டு வகை உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரியும், ஃபோட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். இன்னொன்று ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும். நீங்கள் இரண்டாவதை எடுங்கள். உங்கள் கம்பெனியின் ஆள் எடுப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க அந்தத் தளம் முயற்சி எடுக்கிறது, ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள். வாளையாரிலிருந்து பாலக்காடு வரை இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆகவே உங்கள் சூப்பர்வைசர் ஒரு நாள் கேட்டால் என்ன சொல்வது என்று முன்பே யோசித்து வையுங்கள். ப்ரொஃபைலைத் திருத்தத் தொடங்குவதற்கு முன், மாற்றங்களைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

யூடியூபில் இதற்கென்று நிறைய யோசனை சுற்றுகிறது. தினமும் ஒரு போஸ்ட் போட்டால் மேலே வருவீர்கள், ஞாயிறு இரவு திருத்தினால் திங்கள் காலை கண்ணில் படுவீர்கள் என்கிறார்கள். தேடலில் யாரை முதலில் காட்டுவது என்ற கணக்கை அந்தத் தளம் முழுதாக வெளியிட்டதில்லை, அதனால் இதெல்லாம் ஊகம். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, நான் அடிக்கும் சொல் உங்களிடம் இல்லாவிட்டால் நீங்கள் என் கண்ணில் பட மாட்டீர்கள் என்பது. சிபாரிசுக் குறிப்பு ஒன்றிரண்டு இருந்தால் நான் படிப்பேன். எச்ஆர் எழுதியதைவிட, உங்களோடு தினமும் சண்டை போட்ட புரொடக்ஷன் சூப்பர்வைசர் எழுதியதற்கு என்னிடம் மதிப்பு அதிகம். இப்போது இருக்கும் இடத்தில் கேட்டால் சந்தேகம் வரும் என்றால், அங்கிருந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்ட சீனியரிடம் கேளுங்கள்.

ப்ரொஃபைல் சரியானதும் செய்திகள் வரும், எல்லாம் நல்ல செய்தியாக இருக்காது. பதிவுக் கட்டணம், மெடிக்கல் டெபாசிட், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். கம்பெனி எனக்குக் கொடுக்கும் ஃபீஸில்தான் என் பிழைப்பு நடக்கிறது, வேலை தேடுபவரிடம் நான் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. வளைகுடா வேலை என்று சொன்னால், அந்த ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம் என்று சொல்லி அழைத்துப் போய் மியான்மர் எல்லையில் மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த கதை 2022-லிருந்து நடக்கிறது, வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டிருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு ஃபோன் செய்யுங்கள்.

அந்தப் பையனின் ஊரைச் சரிசெய்து தலைப்பை மாற்றிய பிறகு மூன்று வாரத்தில் இரண்டு அழைப்பு வந்தது, ஒன்று கோயம்புத்தூரிலிருந்து. நைட் ஷிஃப்டுக்குப் பஸ் ஒத்துவரவில்லை என்று அதை விட்டுவிட்டான். மற்றொன்றில் இப்போது கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறான். உங்களுக்கும் மூன்று வாரத்தில் நடக்கும் என்று சொல்ல மாட்டேன், யூனிட்டுகளுக்கு ஆர்டர் வருவதைப் பொறுத்துத்தான் ஆள் எடுப்பதும் நடக்கிறது. இன்று ராத்திரி ஊரையும் தலைப்பையும் மட்டும் மாற்றுங்கள். வேலைப் பகுதிக்கான மூன்று வரியை எழுதி இங்கேயே போடுங்கள், கம்பெனி பெயரையும் கஸ்டமர் பெயரையும் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, பார்த்துச் சொல்கிறேன்.